வகுப்பறையை எழுதும் ஆசிரியரும் வந்து விழும் மடல்களும்

கேள்வி இது: “நடுநிலை வகுப்புகளுக்குக் கணக்கு நடத்துகிறேன். வகுப்பில் நடப்பதைக் கட்டுரையாக எழுதி வெளியிடத் தொடங்கி நான்கு மாதம் ஆகிறது. முதலில் வாரம் ஒன்று எழுதினேன், இப்போது எழுத ஒன்றுமே இல்லாதது போல இருக்கிறது. படிப்பவர்கள் மடல் எழுதுகிறார்கள். பாராட்டு உண்டு, திட்டும் உண்டு. போன வாரம் ஒரு அம்மா, ‘இது என் பையன்தானே?’ என்று கேட்டுவிட்டார். பெயரை மாற்றித்தான் எழுதியிருந்தேன். என்ன செய்வது?”

அந்த அம்மாவுக்குப் பதில் சொல்வதுதான் இதில் அவசரம். அதை முதலில் பார்த்துவிடுவோம்.

கட்டுரையை இன்றே எடுத்துவிடுங்கள். அவர் நினைப்பது சரியா தவறா என்று ஆராய்ந்துவிட்டு எடுக்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். எந்தப் பெற்றோர் கேட்டாலும் முதலில் எடுப்பது, பிறகு பேசுவது என்பதை வழக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தில் அனுப்பும் பதிலில் ‘ஆம்’ வேண்டாம், ‘இல்லை’யும் வேண்டாம். ‘இல்லை’ என்று சொல்வதில் என்ன தப்பு என்று தோன்றும். முப்பது பேர் உள்ள வகுப்பில் நான்கு பெற்றோர் கேட்டு, மூன்று பேருக்கு ‘இல்லை’ என்று சொல்லிவிட்டு நான்காவது ஆளுக்கு மழுப்பினால், அந்த மழுப்பலே ‘ஆம்’ ஆகிவிடும். அதனால் கேட்பவர் யாராக இருந்தாலும் ஒரே வாசகம் போகட்டும்: “உங்கள் மடல் கிடைத்தது. கட்டுரையில் வரும் குழந்தை யார் என்று எழுத்தில் யாருக்கும் உறுதி செய்வதும் இல்லை, மறுப்பதும் இல்லை. உங்களுக்குச் சங்கடம் ஏற்பட்டதால் கட்டுரையை எடுத்துவிட்டேன். நேரில் பேச விரும்பினால் பள்ளி நேரத்தில் வாருங்கள்.” நேரில் வந்தார் என்றால், உண்மையிலேயே அவர் பையன்தான் என்றால், ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேளுங்கள். தன் பிள்ளையைப் பற்றித் தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை உண்டு. “நல்ல நோக்கத்தில்தான் எழுதினேன்” என்ற வாக்கியத்தை மட்டும் வாயில் வரவிடாதீர்கள். அதைக் கேட்டு எந்தப் பெற்றோரும் சமாதானம் ஆனதில்லை.

பெயரை மாற்றியும் எப்படிக் கண்டுபிடித்தார்? ஒருவரை அடையாளம் காட்டும் வேலையில் பெயருக்குப் பங்கு நாம் நினைப்பதைவிடக் குறைவு. அமெரிக்காவில் லதானியா ஸ்வீனி என்ற கணினி அறிஞர் 2000இல் காட்டிய கணக்கு ஒன்று உண்டு. அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, பாலினம் ஆகிய மூன்றும் தெரிந்தாலே அந்த நாட்டு மக்களில் சுமார் 87 சதவீதம் பேரைத் தனியாகப் பிரித்துவிடலாம் என்றார். அது ஒரு நாடு முழுவதற்குமான கணக்கு. உங்கள் வகுப்போ முப்பது பேர். “இடது கைப் பழக்கமுள்ள பையன், அக்காவும் இதே பள்ளியில்” என்று எழுதினால் போதும், வேறு எதுவும் தேவையில்லை.

மறைக்கும்போது எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்ற எல்லை தெளிவாக இருக்க வேண்டும். பெயர், ஆணா பெண்ணா என்பது, பருவம், உட்கார்ந்த இடம், உடன்பிறந்தவர்கள், பெற்றோர் தொழில் இவற்றை மாற்றலாம், அல்லது அடியோடு விட்டுவிடலாம். விட்டுவிடுவதுதான் பல நேரம் நல்லது, ஏனென்றால் மாற்றி எழுதியது தற்செயலாக வேறொரு குழந்தைக்குப் பொருந்திவிடும். மாற்றக் கூடாதவை மூன்று: குழந்தை என்ன சொன்னது, எங்கே தவறியது, நீங்கள் என்ன செய்தீர்கள். இந்த மூன்றில் கை வைத்தால் கட்டுரைக்கு இருக்கும் ஒரே பயனும் போய்விடும். ‘அடையாளங்கள் மாற்றப்பட்டுள்ளன’ என்று தொடக்கத்திலேயே ஒரு வரி போடுங்கள். நடந்ததற்கும் வெளியிடுவதற்கும் இடையே குறைந்தது ஒரு கல்வியாண்டு போகட்டும். கடைசியாக ஒரு சோதனை: அதே பள்ளியில் வேலை செய்யும் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். யார் என்று கேட்காதீர்கள், சும்மா படிக்கச் சொல்லுங்கள். அவர் தானாக ஒரு பெயரைச் சொன்னால் கட்டுரை இன்னும் தயாராகவில்லை.

எவ்வளவு மறைத்தாலும் எழுதக் கூடாதவையும் உண்டு. நோய், குடும்பச் சண்டை, வழக்கு, மதிப்பெண், காதல், அடி வாங்கியது. ஒரு குழந்தை கொடுமைக்கு ஆளாவது உங்களுக்குத் தெரியவந்தால் அது புகார் கொடுக்க வேண்டிய விஷயம், கட்டுரைக்குரியது அல்ல. 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் 16ஆவது பிரிவு குழந்தையின் தனியுரிமையையும் நற்பெயரையும் காக்கச் சொல்கிறது. 12ஆவது பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது. நம் வேலைக்கு இரண்டும் சேர்ந்தே பொருந்தும்.

படங்கள் தனித் தொல்லை. கையெழுத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள், அதனால் விடைத்தாளைப் படமெடுத்துப் போடாமல் தட்டச்சு செய்து போடுங்கள். கைபேசியில் எடுத்த படத்துக்குள் எடுத்த நேரம் பதிந்திருக்கும், அமைப்பைப் பொறுத்து இடமும் பதிந்திருக்கும். பின்னால் இருக்கும் நோட்டு அட்டையில் பெயர்ச்சீட்டு தெரியும், சட்டையில் பள்ளிச் சின்னம் தெரியும். குழந்தை எழுதிய கவிதை, வரைந்த படம் என்றால் இன்னொன்றும் உண்டு: அதன் பதிப்புரிமை அந்தக் குழந்தையுடையது, உங்களுடையது அல்ல. பெற்றோரிடமும் குழந்தையிடமும், வெளியிடப் போவதை அப்படியே காட்டி, எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மதிப்பெண் போடும் ஆசிரியர் கேட்டால் எந்தக் குழந்தைக்கும் ‘வேண்டாம்’ என்று சொல்ல வாய் வராது. ஆகவே அந்த மாணவர் உங்கள் வகுப்பை விட்டுப் போன பிறகு கேளுங்கள். பின்னாளில் மனம் மாறினாலும் எடுத்துவிடுவேன் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

இதோடு உங்கள் பணி விதிகளையும் ஒருமுறை படித்துவிடுங்கள். வெளியில் எழுதுவது பற்றி ஏதாவது ஒரு பிரிவு இருக்கும். அனுமதி தேவை என்று இருந்தால் வாங்கிவிட்டு எழுதுங்கள்.

இனி, எழுத ஒன்றும் இல்லாமல் போனது. இது எல்லா ஆசிரியர்களுக்கும் ஏறத்தாழ இதே கட்டத்தில்தான் வரும். பல ஆண்டுகளாக மனத்தில் சேர்ந்திருந்த பத்துப் பன்னிரண்டு கதைகள் தீர்ந்துபோகும். அவை ஆசிரியர் அறையில் பலமுறை சொல்லிச் சொல்லி மெருகேறியவை. அவை தீர்ந்த பிறகுதான் உண்மையான எழுத்து தொடங்குகிறது என்பது என் கருத்து, ஏனென்றால் அதற்குப் பிறகு வகுப்பைப் பார்த்தால்தான் எழுத முடியும்.

பார்ப்பதற்கு ஒரு குறிப்பேடு போதும். இடப்பக்கம் மட்டும் எழுதுங்கள், வலப்பக்கம் காலியாக இருக்கட்டும், அதற்குப் பின்னால் வேலை இருக்கிறது. பாடவேளை முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் நான்கு நிமிடம் எழுதுங்கள். மாலை வீட்டுக்குப் போய் எழுதலாம் என்றால் போயே போய்விடும். மறதி நேர்கோட்டில் நடப்பதில்லை, முதல் சில மணி நேரத்தில்தான் பெரும்பகுதி உதிர்கிறது என்று ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885இலேயே தன்மீதே சோதித்து எழுதிவைத்திருக்கிறார். உதிர்வதைவிட மோசம், நினைவு தானே இட்டு நிரப்பிக்கொள்வது. 1932இல் பார்ட்லெட் என்ற ஆங்கிலேய உளவியலாளர் வெளியிட்ட சோதனைகளில், வட அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒன்றைப் படித்துவிட்டுத் திருப்பிச் சொன்ன ஆங்கிலேயர்கள், சீல் என்ற கடல்விலங்கின் வேட்டையை மீன்பிடிப்பு ஆக்கினார்கள், தமக்குப் புரியாத இடங்களைக் கழற்றிவிட்டார்கள். குழந்தை சொன்னதை மறுநாள் நாம் எழுதும்போதும் இதேதான் நடக்கும். நமக்குப் புரியாத துண்டு கழன்றுவிடும், நாம் எழுத வேண்டியதோ அந்தத் துண்டைத்தான்.

என்ன எழுதுவது? “இன்று பின்னக் கூட்டல் யாருக்கும் புரியவில்லை, வகுப்பு சரியில்லை” என்று எழுதினால் ஒரு மாதம் கழித்து அதிலிருந்து ஒரு பத்திகூடத் தேறாது. தீர்ப்பை எழுதாதீர்கள், நடந்ததை எழுதுங்கள். இப்படி:

“மூன்றாம் பாடவேளை. 1/3 + 1/4. க. எழுதியது 2/7. ஏன் என்று கேட்டேன். ‘மேல ரெண்டும் ஒண்ணு ஒண்ணு, கூட்டுனா ரெண்டு. கீழ மூணும் நாலும் ஏழு.’ தப்பு என்றேன். ‘அப்ப மார்க் மட்டும் அப்படிக் கூட்டுறீங்க?’ என்றாள். புரியவில்லை. பொதுப் பகுதியைக் காட்டிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டேன்.”

ஆறே வரி. பாடவேளை, கணக்கு, குழந்தையின் வாய்ச்சொல் அப்படியே, நீங்கள் செய்தது, உங்களுக்குப் புரியாதது. கடைசி இரண்டையும் பலர் எழுதுவதே இல்லை. ஆனால் கட்டுரை பிறக்குமிடம் அதுதான். அந்தக் குழந்தை கேட்டது குறும்பு இல்லை. 3 மதிப்பெண் தேர்வில் ஒன்றும் 4 மதிப்பெண் தேர்வில் ஒன்றும் வாங்கினால், மொத்தம் ஏழுக்கு இரண்டு என்று நாமேதான் கூட்டிப் போடுகிறோம். அங்கே 2/7 சரி. இங்கே ஏன் தவறு? தேர்வில் 3, 4 என்பவை வெவ்வேறு அளவுள்ள முழுமைகள், அவற்றைச் சேர்த்து ஏழு என்ற புதிய முழுமையை உண்டாக்குகிறோம். பின்னக் கூட்டலில் இரண்டும் ஒரே முழுமையின் பகுதிகள், முழுமை மாறக் கூடாது, அதனால் பன்னிரண்டாகப் பிரித்து 4/12 + 3/12 = 7/12 என்று போகிறோம். 2/7 தவறு என்று காட்ட விதி தேவையில்லை: 1/3 என்பது சுமார் 0.33, 2/7 சுமார் 0.29. கூட்டினால் குறைந்துவிட்டதே என்று ஒரு கேள்வி போதும், குழந்தையே நிமிர்ந்து உட்காரும்.

இதை எழுதும்போது எங்கே கெடும் என்றால், பெரும்பாலும் முடிவில். மேலே சொன்ன விளக்கம் உங்களுக்கு அன்றைக்கே அங்கேயே தோன்றியதாக எழுதிவிடுவீர்கள். குழந்தை கேட்டது, நான் புன்னகைத்தேன், தேர்வுக்கும் பின்னத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சொன்னேன், அவள் கண்கள் விரிந்தன. இப்படி எழுதினால் உங்களை எல்லோருக்கும் பிடிக்கும், இன்னொரு கணக்கு ஆசிரியருக்கு அதில் ஒன்றும் இருக்காது. அவரும் ‘தப்பு’ என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போனவர்தான். நீங்களும் போனீர்கள் என்று எழுதினால்தான் தொடர்ந்து படிப்பார். இரண்டாவது கேடு, குழந்தையின் பேச்சைத் திருத்துவது. “மதிப்பெண்களை மட்டும் ஏன் அவ்வாறு கூட்டுகிறீர்கள் ஐயா?” என்று எந்தக் குழந்தை கேட்கும்? பேச்சு பேச்சாகவே இருக்கட்டும்.

பொய் நுழையாமல் இருக்க நல்ல உபாயம் ஒன்று உண்டு: அதே வகுப்பைத் தெரிந்த ஒருவருக்கு எழுதுவது. அமெரிக்க ஆசிரியர் ஜான் ஹோல்ட் 1964இல் குழந்தைகள் ஏன் தோற்கிறார்கள் என்று எழுதிய நூல், பெரும்பாலும் தன்னோடு சேர்ந்து கணக்கு நடத்திய பில் ஹல் போன்ற சக ஆசிரியர்களுக்கு அவ்வப்போது எழுதியனுப்பிய குறிப்புகளிலிருந்து வளர்ந்தது. அதே குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு எழுதும்போது கண்கள் விரிந்தன என்றெல்லாம் எழுத முடியாது. நீங்களும் முதல் படியை அப்படி ஒருவருக்குக் கடிதமாக எழுதிப் பாருங்கள், வெளியிடுவதற்கு உரியதாகப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். முழுக்கப் புனைவாக எழுதுவதும் ஒரு வழி. குஜராத்தின் கல்வியாளர் கிஜுபாய் பதேகா 1930களின் தொடக்கத்தில் குஜராத்தியில் எழுதிய ‘திவாஸ்வப்னா’, ஒரு கற்பனை ஆசிரியர் ஒரு வகுப்பில் செய்துபார்க்கும் சோதனைகளின் கதை. அதற்குப் பின்னால் பாவ்நகரில் அவர் நடத்திய குழந்தைகள் பள்ளியின் அனுபவம் இருக்கிறது. புனைவு என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் எந்தத் தாயும் மடல் எழுத வேண்டியிருக்காது. ஆனால் நடந்தது என்று சொல்லிக்கொண்டு புனைவது கூடாது.

அளவு, ஒரு சம்பவத்துக்கு 600 முதல் 900 சொல். வாரம் ஒன்று என்பது வேலை பார்க்கும் ஆசிரியருக்கு அதிகம், இரு வாரத்துக்கு ஒன்று போதும். தேர்வு மாதங்களுக்கு இரண்டை முன்பே எழுதிக் கையிருப்பாக வையுங்கள், இல்லாவிட்டால் அங்கேதான் அறுந்துபோகும்.

இனி மடல்கள். வாரத்தில் இரண்டு அரைமணி நேரம் ஒதுக்குங்கள், மற்ற நேரத்தில் படிக்காதீர்கள். பாடவேளைக்கு இடையில் ஒரு வசைமடலைப் படித்துவிட்டு வகுப்புக்குப் போனால் அதற்கான விலையை யாரோ ஒரு குழந்தை கொடுக்கும்.

பதிலுக்கு உகந்தவை சக ஆசிரியர்களின் மடல்கள். “நான் இதை எட்டாம் வகுப்பில் செய்தேன், நடக்கவில்லை” என்று வருவது “அருமை” என்று வரும் பத்து மடலுக்குச் சமம். அவர் சொன்னதில் ஒரே ஒரு வரியை எடுத்து, அதற்கு மட்டும் பதில் எழுதி, ஒரு கேள்வியோடு முடியுங்கள்: எத்தனை பேர் வகுப்பு, அதற்கு முன் என்ன நடத்தியிருந்தீர்கள், எந்த இடத்தில் நின்றது? நீண்ட பதில் எழுதினால் மறுபடி எழுத அவர் தயங்குவார். நன்றி மடல்களுக்கு இரண்டு வரி போதும்.

“என் மகளுக்கு எழுத்து மாறி மாறி வருகிறது, டிஸ்லெக்சியாவா (வாசிப்புக் குறைபாடா)?” என்ற வகை மடல்கள் நிறைய வரும். பார்க்காத குழந்தைக்குப் பெயர் சூட்டாதீர்கள், ‘ஒன்றும் இருக்காது’ என்று ஆறுதலும் சொல்லாதீர்கள். இரண்டும் ஒரே தவறு. எதைக் கவனிக்கச் சொல்வது என்பதை எழுதலாம்: எந்த எழுத்துகள், வாசிக்கும்போதா எழுதும்போதா, பார்வையும் செவியும் சோதித்தாயிற்றா, எத்தனை மாதமாக. அந்தக் குறிப்போடு வகுப்பாசிரியரையும் தகுதியுள்ள நிபுணரையும் பார்க்கச் சொல்லுங்கள். இப்போது உங்களிடம் படிக்கும் மாணவர் மடல் எழுதினால் தனியாகப் பதில் அனுப்பவே வேண்டாம். வகுப்பில் பேசுங்கள், எழுதியே ஆக வேண்டும் என்றால் பெற்றோருக்கும் ஒரு படி போகட்டும். அது உங்களுக்கும் பாதுகாப்பு.

காட்டமான மடலை ஓர் இரவு தூங்கவிட்டு எடுங்கள். அது மூன்று வகையில் ஒன்றாக இருக்கும். தகவல் தவறு என்றால் திருத்தி, திருத்திய தேதியையும் என்ன திருத்தினீர்கள் என்பதையும் கட்டுரையின் கீழே போடுங்கள். சத்தமில்லாமல் மாற்றினால் பழைய வடிவத்தைப் படித்தவர்கள் எல்லோரும் உங்களைச் சந்தேகிப்பார்கள். நீங்கள் சொல்லாததைச் சொன்னதாக அவர் படித்திருந்தால், அந்த வாக்கியத்தை மறுபடி பாருங்கள். ஒருவர் தவறாகப் படித்தால் அவர் தவறு, மூன்று பேர் ஒரே மாதிரி தவறாகப் படித்தால் வாக்கியம்தான் தவறு. வெறும் ஆள்மீது வசை என்றால் பதில் வேண்டாம். ஒரு படி எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், மிரட்டல் இருந்தால் தலைமையாசிரியருக்கு அன்றே தெரியட்டும்.

முன்னாள் மாணவர்களின் மடல்தான் சிக்கலானது. “அன்றைக்கு நீங்கள் சொன்னதை மறக்கவே முடியாது” என்று வரும், என்ன சொன்னோம் என்றே நமக்கு நினைவிருக்காது. நினைவிருப்பது போல நடிக்க வேண்டாம். “நீ சொல்லித்தான் தெரிகிறது, அன்று என்ன நடந்தது, இன்னும் எழுது” என்று கேளுங்கள். வகுப்பின் மறுபக்கத்தைப் பார்க்கக் கிடைக்கும் ஒரே சாளரம் அது. அவரே உங்கள் கட்டுரையில் உங்கள் நினைவு தவறு என்று சொன்னால் இரண்டு நினைவையும் பக்கத்தில் பக்கத்தில் போடலாம், அவர் சம்மதித்தால் மட்டும். மடல் எழுதிய தாள் உங்கள் கையில் இருந்தாலும் அதன் சொற்களுக்குப் பதிப்புரிமை எழுதியவருடையது. இது எல்லா மடலுக்கும் பொருந்தும், பாராட்டு மடலுக்கும்.

வாசகர்களின் மடல் வெறும் பின்குறிப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. போலந்தின் மருத்துவரும் எழுத்தாளருமான யானுஷ் கோர்ச்சாக் 1926இல் வார்சாவில் தொடங்கிய குழந்தைகள் இதழ், ஒரு நாளிதழின் வெள்ளிக்கிழமை இணைப்பாக 1939 வரை வந்தது. குழந்தைகள் எழுதியனுப்பியவைதான் அதன் உள்ளடக்கம். அந்த அளவுக்குப் போக வேண்டாம், ஆனால் குறிப்பேட்டின் காலி வலப்பக்கம் இதற்குத்தான். 2/7 பற்றி எழுதிய பிறகு ஒருவர், “இரண்டு கரைசலைக் கலக்கும் கணக்கிலும் இப்படித்தான் கூட்டுகிறோம்” என்று எழுதுவார். முதலில் மூன்று குவளையில் ஒன்று சாறு, அடுத்ததில் நான்கில் ஒன்று, கலந்தால் ஏழில் இரண்டு. அதை அந்தக் குறிப்பின் எதிரே, வந்த தேதியோடு எழுதுங்கள். மடலாளர் பெயர் வேண்டாம். இன்னொருவர், தாளை மடித்துக் காட்டியபோது குழந்தைகள் வேறு அளவுத் தாள்களை எடுத்துக்கொண்டதால் குழப்பம் கூடியது என்பார். அதுவும் அங்கே போகட்டும்.

அடுத்த ஆண்டு பின்னக் கூட்டல் தொடங்குவதற்கு முந்தைய நாள் அந்த இரு பக்கத்தையும் திறந்துவைத்துக்கொண்டு பாடக்குறிப்பு எழுதுங்கள். 1/3 + 1/4ஐப் பலகையில் எழுதும் முன், மூன்றுக்கு ஒன்று, நான்குக்கு ஒன்று வாங்கியவருக்கு மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். பிறகு ஒரே அளவுத் தாள் இரண்டைக் கொடுத்து மடிக்கச் சொல்லுங்கள். என்ன சொன்னார்கள் என்பதை மணி அடித்ததும் இடப்பக்கத்தில் எழுதிவிடுங்கள், நான்கு நிமிடம்.